"க்வைட் குட்" என்றால் பாராட்டா, திட்டா? அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்து வந்தவளின் குழப்பம்

ராஜி_ரெடிங்

வணக்கம் மக்களே. 11 வருஷம் நியூஜெர்சி எடிசன்ல குப்பை கொட்டிட்டு, எட்டு மாசத்துக்கு முன்னாடி வேலை மாறி இங்கிலாந்துல ரெடிங் வந்திருக்கோம். ரெண்டு ஊர்லயும் இங்கிலீஷ்தானே, வெள்ளைக்காரங்கதானே, என்ன பெரிய வித்தியாசம்னு அசால்ட்டா வந்துட்டேன். இப்ப முழிக்கிறேன்.

போன மாசம் ஆபீஸ்ல ஒரு ரிப்போர்ட் குடுத்தேன். மூணு வாரம் ராப்பகலா உக்காந்து பண்ணினது. மேனேஜர் படிச்சுட்டு ஒரே வரி மெயில்: "க்வைட் குட், ராஜி." எடிசன்ல யாராவது இப்படிச் சொன்னா நிஜமாவே பிடிச்சிருக்குன்னு அர்த்தம். நான் வீட்டுக்கு வந்து பாயசம் வெச்சுட்டேன்! ரெண்டு நாள் கழிச்சு பக்கத்து சீட்டுப் பொண்ணு தயங்கித் தயங்கிச் சொல்றா, "அவர் அதைத் திருப்பி எழுதச் சொல்றார்னு நினைக்கிறேன்."

அடுத்தது, வந்த முதல் வாரம். ஆபீஸ் கிச்சன்ல ஒருத்தர் என்னைப் பாத்து "யூ ஆல் ரைட்?"னு கேட்டார். ஐயோ பாவம், முகம் வாடியிருக்குன்னு கேக்கறார் போலன்னு நினைச்சு, ஃப்ளைட்ல வந்ததுலேர்ந்து இடுப்பு வலி, வீட்டுச் சாமான் இன்னும் கப்பல்ல இருக்கு, தரையில படுக்கறோம்னு முழுக் கதையும் சொன்னேன். அந்த மனுஷன் கையில பால் பாட்டிலை வெச்சுக்கிட்டே, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வெச்சபடி, நகரவும் முடியாம நிக்கவும் முடியாம தவிச்சார்.

ரெண்டு ஊர்லயும் இருந்தவங்க யாராவது விளக்குங்க. இவங்க குணமே இப்படித்தானா?

மொழிப்பைத்தியம்

ராஜி, பாயசம் வீண்போகவில்லை. நல்ல கேள்வி கிடைத்தது.

"க்வைட்" என்ற சொல் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் வேறு வேறு வேலை பார்க்கிறது. அமெரிக்காவில் அது "ரொம்ப"வுக்குப் பக்கத்தில் நிற்கும். இங்கிலாந்தில் "குட்" போன்ற சாதாரணப் பெயரடைக்கு முன்னால் வந்தால் "பரவாயில்லை" என்ற இடத்துக்கு இறங்கிவிடும். ஆனால் அதே பிரிட்டிஷ்காரர் "க்வைட் பிரில்லியன்ட்" என்றால் "முழுக்க முழுக்க அபாரம்" என்று பொருள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. பேசும்போது "க்வைட்"டை அழுத்திச் சொன்னால் குறை இருக்கிறது. "குட்"டை அழுத்திச் சொன்னால் ஓரளவு திருப்தி. உங்களுக்கு வந்தது மெயில். அழுத்தம் எங்கே என்று பாயசம் வைப்பவருக்கு எப்படித் தெரியும்?

"ஆல் ரைட்?" என்பது நம் ஊர் "என்ன, சாப்டாச்சா?" மாதிரி. நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டோம் என்று பட்டியல் போடுவோமா? "ஆச்சு, நீங்க?" என்று கடந்து போவோம். "ஆல் ரைட்?" கேட்டால் பதிலும் "ஆல் ரைட்?"தான். கேள்விக்குக் கேள்வியே பதில். அமெரிக்கன் "ஹவ் ஆர் யூ" கேட்டால்கூட "குட்" என்று ஒரு சொல்லாவது எதிர்பார்ப்பான். இங்கிலாந்தில் அதுவும் வேண்டாம்.

இதைவிட மோசமான சொல் "டேபிள்". பிரிட்டனில் ஒரு விஷயத்தை "டேபிள்" செய்தால் உடனே விவாதத்துக்கு எடுக்கிறோம் என்று பொருள். அமெரிக்காவில் தள்ளிப் போடுகிறோம் என்று பொருள். இரண்டாம் உலகப் போரில் இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நீண்ட நேரம் சண்டை போட்டதையும், கடைசியில் இரு தரப்பும் ஒரே விஷயத்தைத்தான் விரும்பியது தெரியவந்ததையும் சர்ச்சில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

கொலராடோ குமரன்

மொழிப்பைத்தியம் சார் நாசூக்கா சொல்றார். நான் நேராவே சொல்றேன், பிரிட்டிஷ்காரன் மனசுல இருக்கறதை வாயில சொல்ல மாட்டான். ரெண்டு வருஷம் லண்டன் டீமோட வேலை பார்த்தேன். "வெரி இன்ட்ரஸ்டிங், குமரன்"னு சொல்லுவான், அடுத்த மீட்டிங்ல என் ஐடியாவே இருக்காது. இங்க டென்வர்ல பிடிச்சா "ஆவ்சம்", பிடிக்கலைன்னா "இது வேலைக்கு ஆகாது". முடிஞ்சது கதை.

அதோட, ஹோட்டலுக்குப் போங்க. டென்வர்ல பரிமாறுற பொண்ணு தன் பேரைச் சொல்லி, சிரிச்சு, தண்ணி கேக்காமலே ஊத்தி, ஐஸ் போட்டு, குழந்தைக்கு கலர் பென்சில் குடுக்கும். லண்டன்ல தண்ணி கேட்டா என்னமோ சொத்தைக் கேட்ட மாதிரி பாக்கறான். மனுஷங்க மேல அன்பு இருக்கறவன் யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

டிப்ஸ்_தியாகு

குமரன் அண்ணே, அந்தச் சிரிப்புக்குப் பின்னாடி வீட்டு வாடகை இருக்கு. நான் இண்டியானா ப்ளூமிங்டன்ல படிக்கும்போது என் ரூம்மேட் ஒரு அமெரிக்கப் பையன், சாயங்காலம் ரெஸ்டாரன்ட்ல வேலை. அவனுக்கு முதலாளி குடுத்த சம்பளம் மணிக்கு 2 டாலர் 13 சென்ட். அச்சுப்பிழை இல்ல. டிப்ஸ் வாங்குற தொழிலாளிக்கு அமெரிக்க மத்திய அரசு வெச்ச குறைந்தபட்சம் அதுதான், 1991லேர்ந்து நகரவே இல்ல. டிப்ஸையும் சேர்த்து 7 டாலர் 25 சென்ட்டுக்குக் கீழ போனா மீதியை முதலாளி குடுக்கணும்னு சட்டம். கலிபோர்னியா மாதிரி சில மாநிலம் முழுச் சம்பளமும் குடுக்கச் சொல்லுது, இண்டியானா அப்படி இல்ல.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வருவான். ஷூவைக்கூடக் கழட்டாம கட்டில்ல உக்காந்து ஏப்ரன் பையிலேர்ந்து ஒரு டாலர் நோட்டா எடுத்து நீவி நீவி அடுக்குவான். சாஸ் வாசனை அடிக்கும். எந்த டேபிள்ல எவ்வளவுன்னு ஞாபகம் வெச்சிருப்பான். "பில்லுக்குக் கீழ ஒரு ஸ்மைலி போட்டா ஒண்ணு ரெண்டு டாலர் கூட வரும்டா"ன்னு எனக்கே சொல்லிக் குடுத்தான். காய்ச்சலோட போன அன்னைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் பரிமாறியிருப்பான். அது அன்பு இல்லைன்னு சொல்லல. ஆனா அன்புக்குக் கணக்கு இருந்துச்சு.

இப்ப நான் மான்செஸ்டர்ல இருக்கேன். இங்க பரிமாறுறவருக்கும் மத்தவங்க மாதிரியே குறைந்தபட்ச ஊதியம் உண்டு, டிப்ஸ் அதுக்கு மேல. 2024 அக்டோபர் 1லேர்ந்து டிப்ஸ்ல முதலாளி கை வைக்கவே கூடாதுன்னு சட்டமும் வந்தாச்சு. அதனால அவங்க உங்ககிட்ட வந்து "எல்லாம் நல்லா இருக்கா?"ன்னு பத்து தடவை கேக்க மாட்டாங்க. பில்லும் நீங்க கேட்டாத்தான் வரும். அமெரிக்காவுல காபி முடிக்கறதுக்குள்ள பில்லு வந்துடும், ஏன்னா அடுத்த டேபிள் நிரம்பினாத்தான் அடுத்த டிப்ஸ். எனக்கு ரெண்டுமே பழகிடுச்சு. ஆனா 20 சதவீதம் மனக்கணக்குப் போடற தலைவலி போனதுல ரொம்ப நிம்மதி.

பிளக்பாயின்ட்

தியாகு சொன்னதுதான் என் கட்சியும். நான் லெஸ்டர்ல எலக்ட்ரீஷியன். 19 வருஷமா இவங்க வீட்டுச் சுவரை உடைச்சுப் பாக்கற தொழில். "குணம்"னு நீங்க சொல்ற பாதி விஷயத்துக்குப் பின்னாடி ஒரு வயரோ குழாயோ சட்டமோ இருக்கும்.

டீ. இங்கிலாந்துல வீட்டுக் கரன்ட் 230 வோல்ட். பிளக்ல 13 ஆம்பியர் ஃபியூஸ். அதனால 3,000 வாட் கெட்டில் சாதாரணமா ஓடும். ஒரு லிட்டர் தண்ணி ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல, கொதிச்சுடும். அமெரிக்காவுல சுவர் பாயின்ட் 120 வோல்ட், சர்க்யூட் 15 ஆம்பியர். கெட்டில் 1,500 வாட் தாண்டாது. அதே லிட்டருக்கு ரெட்டிப்பு நேரம். அப்ப அவன் என்ன பண்ணுவான்? அடுப்புல வெப்பான், இல்ல ஒரு கப் தண்ணியை மைக்ரோவேவ்ல தள்ளுவான். இதைப் பாத்து பிரிட்டிஷ்காரன் "காட்டுமிராண்டி"ங்கறான். பாவம், அவன் வயரிங் அப்படி.

இங்க டீ குடிக்கற வேகம் நாட்டோட கரன்டையே ஆட்டும். 1990 ஜூலை 4, உலகக் கோப்பை கால்பந்து அரையிறுதி, இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும். பெனால்டியில இங்கிலாந்து தோத்துச்சு. மேட்ச் முடிஞ்ச உடனே நாடு முழுக்க எழுந்திருச்சுப் போய் கெட்டில் சுவிட்சைத் தட்டினதுல 2,800 மெகாவாட் கூடுதல் தேவை ஒரே மூச்சுல எகிறுச்சு. ரெண்டு மூணு பெரிய பவர் ஸ்டேஷன் அளவு. இதுக்குன்னே வேல்ஸ்ல டினோர்விக்னு ஒரு மலையைக் குடைஞ்சு, மேல் ஏரித் தண்ணியைத் திறந்துவிட்டா சில விநாடியில கரன்ட் குடுக்கற மாதிரி ஒரு நிலையம் 1984லேர்ந்து இருக்கு. டி.வி.யில எந்த நிகழ்ச்சி எப்ப முடியும்னு பாத்துக்கிட்டே இருக்கறது மின்தொகுப்புக் கன்ட்ரோல் ரூம்காரங்க வேலையில ஒண்ணு.

பாத்ரூம் லைட்டுக்குக் கயிறு தொங்கறதைப் பாத்து ராஜி அக்கா சிரிச்சிருப்பீங்களே? ஈரக்கையால சுவிட்சைத் தொடக்கூடாதுங்கற பயம். ஷேவரைத் தவிர வேற பாயின்ட்டே உள்ள வெக்க மாட்டோம். அமெரிக்காவுல வாஷ்பேசின் பக்கத்துல பாயின்ட் இருந்தே ஆகணும்னு விதி, ஷாக் உயிரை வாங்கறதுக்கு முன்னாடி கரன்டைக் கட் பண்ற ஜி.எஃப்.சி.ஐ. போட்டு வெப்பாங்க. அங்க ஹேர் டிரையர் பாத்ரூம்ல, இங்க பெட்ரூம்ல. கல்யாணம் ஆன வீட்ல இதுவே ஒரு பெரிய கலாச்சார வித்தியாசம்.

ராஜி_ரெடிங்

கயிறு இருக்கட்டும், அந்த ரெண்டு குழாய்? ஒண்ணுல கை வெந்து போகுது, இன்னொண்ணுல விறைச்சுப் போகுது. நடுவுல கையை ஆட்டி ஆட்டி பரதநாட்டியம் ஆடறேன்.

பிளக்பாயின்ட்

பழைய வீடா? குளிர்தண்ணி நேரா மெயின்லேர்ந்து வரும், குடிக்கலாம். வெந்நீர் பரண்ல இருக்கற தொட்டித் தண்ணியைச் சுட வெச்சு வரும். அந்தத் தொட்டியில எலி விழுந்து கிடந்ததை நானே எடுத்திருக்கேன். ரெண்டும் குழாய்க்குள்ள கலந்து, அழுக்குத் தண்ணி மெயினுக்குத் திரும்பிடக் கூடாதுன்னு பிரிச்சு வெச்சாங்க. பிரஷரும் ரெண்டுக்கும் வேற வேற. இப்ப பாய்லர் மாத்தின வீட்ல அந்தத் தேவையே இல்ல, ஆனா பழகிட்டாங்க, புது பேசின் வாங்கினாலும் சில பேர் ரெண்டு குழாய்தான் கேக்கறாங்க. வீட்டு ஓனர்கிட்ட மிக்ஸர் டேப் கேளுங்க. அதுவரைக்கும் பேசின்ல தண்ணியைத் தேக்கிக் கழுவுங்க, இவங்க அப்படித்தான் கழுவுவாங்க.

ஈஸ்ட்ஹாம் அண்ணை

தங்கச்சி ராஜி, நான் 1988இல இஞ்ச வந்தனான். முதல் வேலை பெற்றோல் ஷெட்டில, இரவு வேலை. கண்ணாடிக்குள்ள இருந்து காசு வாங்கிறது. ஒரு நாள் சும்மா எண்ணிப் பாத்தனான், ஒருத்தன் பெற்றோல் காசைக் குடுத்து மிச்சம் வாங்கிப் போறதுக்குள்ள எங்கள் ரெண்டு பேருக்கும் இடையில "தாங்க் யூ" ஏழு தரம் போகுது. காசைத் தரேக்க ஒண்டு, வாங்கேக்க ஒண்டு, ரசீதுக்கு ஒண்டு, ரசீது வேண்டாம் எண்டதுக்கும் ஒண்டு. அவன் மரியாதைக்காரன்தான், ஆனா முகத்தில சிரிப்பைத் தேடாதையுங்கோ.

போன கோடையில நியூஜெர்சியில பிறந்து வளந்த என்ர அக்காவின்ர பெடியன் வந்து நிண்டவன். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில ஏறினவுடன பக்கத்தில இருந்த மனுசியிட்ட "ஹாய், உங்கட சப்பாத்து நல்லா இருக்கு, எங்க வாங்கினீங்கள்?" எண்டு கேட்டான். பெட்டி முழுக்க எங்களைப் பாக்குது. மனுசி "தாங்க் யூ" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த ஸ்டேசனில இறங்கி மற்றப் பெட்டியில ஏறினதை நான் கண்ணால கண்டனான். அவன் கேக்கிறான், "மாமா, நான் என்ன பிழை விட்டனான்?" அங்க அது சாதாரணம். இஞ்ச ரயிலுக்க கதைக்கிறதெண்டா ரயில் நடுவழியில நிக்கோணும். நிண்டால் எல்லாரும் சினேகம்!

பப்பைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்ல. உவையளை விளங்கோணுமெண்டா அங்க போங்கோ. நான் குடிக்கிறேல்ல, தோடம்பழச் சாறுதான். நாலு பேர் போனா ஆளாளுக்கு வாங்கிறேல்ல. ஒருத்தர் எழும்பி நாலு பேருக்கும் வாங்குவார், பிறகு அடுத்த ஆள். என்ர சாறு மலிவு எண்டு நான் என்ர முறையைத் தப்ப ஏலாது. எங்களோட வேலை செய்த ஒருத்தன் எப்பவும் தன்ர முறை வரேக்க "ரயிலுக்கு நேரமாச்சு" எண்டு எழும்பிப் போவான். அவன் வேலையை விட்டுப் போய் இருவது வருசமாச்சு, இண்டைக்கும் அவன்ர பேரைச் சொன்னா முதல் கதை அதுதான். ஒருத்தரும் அவனுக்கு நேர சொன்னதில்லை, கண்டியளோ.

மொழிப்பைத்தியம்

அண்ணை, அற்புதம். இந்த முறை வாங்கும் பழக்கம் எவ்வளவு ஆழம் என்பதற்கு ஒரு சேதி. முதல் உலகப் போரின்போது, ஆயுதத் தொழிலாளர்கள் அளவுக்கு மீறிக் குடிக்கிறார்கள் என்று 1915இல் பிரிட்டிஷ் அரசு ஒருவர் இன்னொருவருக்கு மது வாங்கிக் கொடுப்பதையே தடை செய்தது. தனக்குத் தானே வாங்கிக் குடிக்கலாம். நண்பனுக்கு வாங்கினால் குற்றம். போர் போனது, தடை போனது, பழக்கம் மட்டும் போகவில்லை. அமெரிக்காவில் பெரும்பாலும் கார்டைக் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு கணக்கு ஓடும், ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு டாலரோ இரண்டோ டிப்ஸ். பிரிட்டிஷ் பப்பில் காசு நீட்டினால் கூச்சப்படுவார்கள். "உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதுதான் அங்கே டிப்ஸ்.

கோப்பையே வேறு. பிரிட்டிஷ் பைன்ட் 568 மில்லி. அமெரிக்கப் பைன்ட் 473. பைன்ட் என்பது காலனில் எட்டில் ஒன்று. அமெரிக்கா பழைய ஆங்கிலேய ஒயின் காலனையே பிடித்துக்கொண்டது. பிரிட்டன் 1824இல் புதிய இம்பீரியல் காலனுக்கு மாறிவிட்டது. அதாவது பழசை விடாதவன் அமெரிக்கன். இது பல இடத்தில் பொருந்தும். சொல் முடிவில் "ர்" ஒலியை அழுத்தமாக உச்சரிப்பதும் பழைய இங்கிலாந்து வழக்கம்தான். அமெரிக்கன் காப்பாற்றினான், லண்டன்காரன் தொலைத்தான். கால்பந்தை "சாக்கர்" என்று சொன்னால் பிரிட்டிஷ்காரன் முகம் சுளிக்கிறான், ஆனால் அந்தச் சொல்லை உண்டாக்கியதே அவர்கள்தான், "அசோசியேஷன்" என்பதைச் சுருக்கி.

கொலராடோ குமரன்

சரி, டிப்ஸ் விஷயத்துல தியாகு என்னை மடக்கிட்டார், ஒத்துக்கறேன். ஆனா பிளக்பாயின்ட் சொல்ற மாதிரி எல்லாத்தையும் வயர்ல கட்டிட முடியுமா? என் பொண்ணு ஸ்கூல்ல தினம் காலையில கொடிக்கு உறுதிமொழி சொல்றாங்க. ஆனா ஸ்கூலே பிரார்த்தனை நடத்தக் கூடாதுன்னு 1962லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. இங்கிலாந்துல கொடியும் இல்ல, உறுதிமொழியும் இல்ல, ஆனா அரசுப் பள்ளியில தினமும் கூட்டு வழிபாடு நடத்தணும்னு 1944லேர்ந்து சட்டம் இருக்கு! அப்படியும் சர்ச்சுக்குப் போறவன் அமெரிக்கன்தான், பிரிட்டிஷ்காரன் இல்ல. சட்டம் ஒரு பக்கம், ஜனம் இன்னொரு பக்கம். இதுக்கு எந்த ஃபியூஸ்?

பிளக்பாயின்ட்

மாட்டிக்கிட்டேன். ஆனா லீவு சட்டத்தைப் பாருங்க. இங்க வாரம் அஞ்சு நாள் வேலை பாக்கறவருக்கு வருஷம் 28 நாள் சம்பளத்தோட லீவு சட்டப்படி, பொது விடுமுறையும் அதுலயே சேரலாம். அமெரிக்காவுல மத்திய சட்டப்படி பூஜ்யம், முதலாளி மனசு வெச்சாத்தான். அதனாலதான் ஆகஸ்ட்ல லண்டன் டீம் மெயிலுக்குப் பதில் போடாது. சோம்பேறித்தனம்னு டென்வர்ல பேசுவீங்க, தெரியும்.

கொலராடோ குமரன்

பேசினோம். 😄

மொழிப்பைத்தியம்

குமரன் பக்கம் நான் ஒரு சாட்சி தருகிறேன். அடக்கிச் சொல்லும் பழக்கத்தை எந்தக் குழாயாலும் விளக்க முடியாது, அது சில சமயம் உயிரையும் வாங்கியிருக்கிறது. 1951 ஏப்ரல், கொரியப் போர், இம்ஜின் ஆறு. பிரிட்டிஷ் குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவு ஒரு குன்றில் சீனப் படைகளிடம் சிக்கிக்கொண்டது. எதிரிகள் பல மடங்கு. பிரிட்டிஷ் பிரிகேடியர் பிரோடி, தம் மேலதிகாரியான அமெரிக்க ஜெனரலிடம் நிலைமை "கொஞ்சம் ஸ்டிக்கி" என்றார். இன்னொரு பிரிட்டிஷ்காரர் கேட்டிருந்தால் "அழிந்துகொண்டிருக்கிறோம்" என்று புரிந்துகொண்டிருப்பார். அமெரிக்கர் "சிரமம்தான், சமாளிக்கிறார்கள்" என்று எடுத்துக்கொண்டார். உரிய நேரத்தில் பின்வாங்க உத்தரவு வரவில்லை. 500க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள்.

ராஜியின் "க்வைட் குட்" இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அங்கே குன்று, இங்கே ரிப்போர்ட்.

மட்டுறுத்துநர்

"எந்த நாடு உசத்தி" என்ற திசையில் போன மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளவும்.

ராஜி_ரெடிங்

எல்லாருக்கும் நன்றி. ஒரு புதுத் தகவலோட வந்திருக்கேன். என் டீம்ல ஏன் யாரும் என்கிட்ட சரியா பேசறதில்லைன்னு கண்டுபிடிச்சுட்டேன்!

எடிசன்ல காபி வேணும்னா நானே போய் எனக்கு எடுத்துட்டு வருவேன். இங்கயும் அப்படியே, தினம் பதினோரு மணிக்கு எழுந்து போய் எனக்கு மட்டும் ஒரு டீ போட்டு, சீட்டுக்கு வந்து சுகமா குடிச்சேன். ஏழு மாசம். பக்கத்து சீட்டுப் பொண்ணு போன வாரம் என்னைக் கிச்சனுக்குக் கூட்டிட்டுப் போய் கபோர்டு கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த ஒரு பேப்பரைக் காட்டினா. ஆறு பேர் பேர். ஒவ்வொருத்தருக்கும் பால் எவ்வளவு, சக்கரை எத்தனை, எந்தக் கப். ஒருத்தருக்கு நேரா "செங்கல் கலர்"னு எழுதி அடிக்கோடு. அதாவது யார் டீ போட எழுந்தாலும் "யாருக்காவது டீ?"ன்னு எல்லாரையும் கேட்டு, எல்லாருக்கும் போட்டுட்டு வரணும். அண்ணை சொன்ன பப் ரவுண்டேதான், ஆனா ஆபீஸ்ல, டீயில! நான் ஏழு மாசமா அந்த "ரயிலுக்கு நேரமாச்சு" ஆளா இருந்திருக்கேன். அதைவிடக் கொடுமை, மத்தவங்க போட்டப்பல்லாம் எனக்கும் ஒரு கப் கொண்டு வந்து வெச்சிருக்காங்க. நான் "ஹவ் நைஸ்"னு வாங்கிக் குடிச்சிருக்கேன்.

அன்னைக்கே ஆறு கப் போட்டேன். கை நடுங்குச்சு. ஒண்ணுல பாலை முன்னாடி ஊத்திட்டேன், அதுக்கும் ஒரு தகராறு இருக்காமே?

ஈஸ்ட்ஹாம் அண்ணை

பால் முதலோ தண்ணி முதலோ எண்டதில கை வையாதையுங்கோ தங்கச்சி. அது சாதிச் சண்டை மாதிரி.

மொழிப்பைத்தியம்

நான் இருப்பது பாஸ்டனில். 1773 டிசம்பர் 16 அன்று 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டிய ஊர். ஆகவே டீயைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் 2024 ஜனவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு வேதியியல் பேராசிரியர், டீயில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் கசப்பு குறையும் என்று சொல்லப்போக, பிரிட்டன் கொதித்தது. லண்டனில் உள்ள அமெரிக்கத் தூதரகமே, உப்பு எங்கள் அதிகாரபூர்வக் கொள்கை அல்ல என்று கேலியாக அறிக்கை விட்டது. கூடவே, டீயைச் "சரியான முறையில்", அதாவது மைக்ரோவேவில்தான் தொடர்ந்து போடுவோம் என்றும் சேர்த்துக்கொண்டது. பிரிட்டிஷ் அரசுத் தரப்பிலிருந்து, கெட்டிலில் மட்டுமே டீ போட முடியும் என்று பதில் வந்தது.

ஹாரோ ஹேமா

இவ்வளவு நாள் வெளியிலிருந்து படிச்சுட்டு மட்டும் இருந்தேன். நாங்க தலைகீழ், ஹாரோல 14 வருஷம் இருந்துட்டு அடுத்த மாசம் ஹூஸ்டன் போறோம். முட்டையை ஃப்ரிட்ஜ்ல வெக்கணுமாமே? இங்க கிச்சன் மேடையிலதான் கூடையில வெச்சிருக்கேன், ஒரு நாளும் கெட்டதில்ல.

டிப்ஸ்_தியாகு

அங்க முட்டையைக் கடைக்கு வர முன்னாடியே கழுவிடுவாங்க அக்கா. கழுவினா ஓட்டு மேல இருக்கற மெல்லிசான பூச்சு போயிடும், அப்புறம் ஃப்ரிட்ஜ்தான் காப்பாத்தணும். பிரிட்டன்ல கடைக்கு வர்ற ஏ கிரேடு முட்டையைக் கழுவவே கூடாது. கோழிக்கே சால்மொனெல்லா தடுப்பூசி போடறாங்க, முட்டை மேல சிவப்பா சிங்க முத்திரை இருக்குமே, அதுதான். ஹூஸ்டன்ல கடையிலயே முட்டை ஃப்ரிட்ஜ்ல இருக்கும், நீங்களும் வீட்டுக்கு வந்ததும் அப்படியே உள்ள வெச்சுடுங்க. அப்புறம் கடையில 10 டாலர்னு போட்டிருந்தா 10 டாலர் நோட்டை நீட்டாதீங்க. வரி கவுன்ட்டர்லதான் சேரும், இங்க மாதிரி வாட் வரி விலைக்குள்ளேயே இருக்காது. நான் முதல் நாள் சில்லறை இல்லாம பேஸ்ட்டைத் திருப்பி வெச்சுட்டு வந்தவன்.

ஹாரோ ஹேமா

நன்றி தியாகு. பிளக்பாயின்ட் அண்ணா, உங்களுக்கு ஒரு கேள்வி. எங்ககிட்ட நல்ல 3,000 வாட் கெட்டில் இருக்கு, புதுசு. அமெரிக்கக் கெட்டில் மெதுவா இருக்கும்னு நீங்க சொன்னதைப் படிச்சதும், இதையே கொண்டு போகலாம்னு தோணுது. பிளக் மாத்தற அடாப்டர் போட்டா போதும்தானே?

பிளக்பாயின்ட்

தயவுசெஞ்சு வேண்டாம். அடாப்டர் பிளக்கோட வடிவத்தைத்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது. 230க்குச் செஞ்ச கெட்டில்ல 120 குடுத்தா சக்தி பாதியாகாது, கிட்டத்தட்ட கால்வாசியாகும், 800 வாட் சொச்சம். லிட்டர் கொதிக்க ஏழெட்டு நிமிஷம். அமெரிக்கக் கெட்டிலே அதைவிட ரெண்டு மடங்கு வேகமா இருக்கும். வோல்ட்டை ஏத்தற டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினாலும் 3,000 வாட்டை அங்க இருக்கற 15 ஆம்பியர் பாயின்ட் தாங்காது, பிரேக்கர் விழுந்துடும். கெட்டிலை யாருக்காவது குடுத்துட்டுப் போங்க.

ஹாரோ ஹேமா

கப்பல்ல ஏறிடுச்சு அண்ணா. 😟

ராஜி_ரெடிங்

ஹேமா, எங்க சாமான்ல எடிசன்லேர்ந்து வந்த மிக்ஸி, ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் இன்னும் பெட்டியிலயே இருக்கு. நீங்க தனி ஆள் இல்ல.

ஹாரோ ஹேமா

ஒரே ஒரு சந்தேகம். ஹூஸ்டன் வீட்டு லாண்ட்ரி ரூம்ல டிரையருக்குன்னு 240 வோல்ட் பாயின்ட் ஒண்ணு இருக்காமே. கெட்டிலை அங்க வெச்சு...

பிளக்பாயின்ட்

கேள்வி புரியுது. பதில் சொல்ல மாட்டேன்.